இருபது எலிகளின் சாட்சி

டாக்டரம்மாவின் தலையில் மொத்தம் ஏழு அடி. முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்தவர் எழுதியிருந்தார். மீதி ஆறும் கொன்றவனின் ஆத்திரத்துக்கு. காஸ் சிலிண்டரைத் திறக்கிற இரும்பு ஸ்பேனரால் அடித்திருக்கிறான். கூண்டு கழுவும் அறையின் வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ரத்தம் தெறித்திருக்கிற புகைப்படம் பத்து நாளாக எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்தபடிதான் நான் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன். அண்ணியிடம் வேலை பார்த்தால் இதெல்லாம் பழகிவிடும்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஊரார் அவரைத் துப்பறியும் நிபுணர் என்கிறார்கள். என் அண்ணன் என்ன சொல்வான் என்று கேட்காதீர்கள், அவன் பேசியே நாளாகிறது. நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவேன், கதவை உடைப்பேன், அடி வாங்குவேன். மூன்றிலும் நல்ல அனுபவம்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு ஆராய்ச்சி நிலையத்தின் எலிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு எலி என்றால் உதறல். ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. இருந்தாலும் உதறல்தான். அண்ணிக்கு இது தெரியும். தெரிந்தேதான் பத்து நாளாக என்னை எலிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார்.

எலிக்கூடத்துக்கு ஒரே வாசல். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றி, மேலங்கி மாட்டிக்கொண்டுதான் யாரும் உள்ளே போக முடியும். கொலை நடந்த அன்று மதியம் உள்ளே இருந்தவர்கள் மூன்றே பேர். முதல் ஆள், செத்துப்போன டாக்டரம்மா. இரண்டாவது ஆள் கூண்டுக்காரர். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், மரத்தூள் எல்லாம் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. மூன்று மணிக்கு டாக்டரம்மாவை மடியில் போட்டுக்கொண்டு, கையில் அந்த ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பக்கத்தில் கிடந்ததை எடுத்தேன் என்றார். முதல் நாள் ஒரு தண்ணீர் பாட்டில் காலியாக இருந்ததற்காக டாக்டரம்மா அவரைத் திட்டியிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது ஆள் சின்ன டாக்டர். டாக்டரம்மாவிடம் ஆராய்ச்சி செய்கிற இளைஞர். இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை ஊசி போடும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருபது எலிகளுக்கு ஊசி போட்டேன் என்றார். ஒவ்வொன்றையும் எடை போட்டு, வாலில் ரத்தக் குழாயைத் தேடி, கொஞ்சூண்டு பாக்டீரியாவை ஏற்ற வேண்டும். எலிக்கு நாலரை நிமிடம். அந்த நேரத்தில் இன்னொரு அறைக்குப் போய் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு வர முடியாது. கூண்டுச் சீட்டுகளில் இருபது டிக். குப்பைத் தொட்டியில் இருபது காலி ஊசிகள். அவர் ஊசி போட்டதைப் பார்த்தவர் மட்டும் யாருமில்லை.

ஆக, சின்ன டாக்டர் சொன்னது நிஜம் என்றால் கூண்டுக்காரர் தொலைந்தார்.

தொலைகிற நேரமும் குறித்தாகிவிட்டது. அன்று மாலை நாலு மணிக்கு அவரை நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறார்கள். நான்தான் கொன்றேன் என்று தன் வாயால் சொல்ல அவர் சம்மதித்துவிட்டார். சம்மதிக்க வைத்த விதம் அவர் முகத்தில் தெரிந்தது. கைதான இருபத்தொன்பது நாளில் மூன்று பற்களைக் காணோம். இடது கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கி நின்றது. போன வாரம் நான் பார்த்தபோது உட்காரச் சொன்னால்கூட உட்கார மாட்டேன் என்றார், உட்கார முடியவில்லை.

அவர் மனைவிதான் எங்களிடம் வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளைப் பிழிந்து பிழிந்து முழங்கை வரை கயிறு முறுக்கியது போல இருக்கும். முந்தின நாள் சிறையில் புருஷனைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அண்ணியின் மேஜைக்கு எதிரே நின்றபடியே சொன்னது:

"ஒத்துக்கிட்டா இனிமே அடிக்க மாட்டாங்களாம்மா. அது போதும்கிறாரு. தூக்கு ஒரு தடவைதானே, இது தினமும்ல அப்படிங்கிறாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணி மட்டும், எலிகள் என்ன சொல்கின்றன பார்ப்போம், நாளை நீயும் வா என்றார்.

எலிகளைக் கேட்கலாம் என்ற யோசனை அண்ணிக்கு வந்ததே எலிக்கூடத்துக் கால்நடை டாக்டரால்தான். நான் அவருக்கு வைத்த பெயர் மாட்டு டாக்டர். சுண்டெலியைக்கூடக் கன்றுக்குட்டியைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்குவார். சின்ன டாக்டர் போட்டதாகச் சொல்கிற ஊசியால் எலிக்கு என்ன ஆகும் என்று அண்ணி கேட்டபோது அவர் உற்சாகமாகிவிட்டார்.

கொஞ்சம் கிருமியை உயிரோடு ஏற்றினால் எலி இரண்டு நாள் முடங்கிக் கிடக்கும், பிறகு தேறிவிடும். அதற்குள் உடம்பில் டி செல் என்று ஒரு கூட்டம் அந்தக் கிருமியின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அதே கிருமியை நூறு மடங்கு ஏற்றினாலும் எலி சாகாது. அந்தக் கூட்டம் பெருகிக் கிளம்பி வந்து, கிருமி எந்தச் செல்லுக்குள் ஒளிந்திருந்தாலும் அந்தச் செல்லோடு சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடும். முதல் ஊசியே போடாத எலிக்கு நூறு மடங்கை ஏற்றினால் மூன்றாம் நாள் விறைத்துக் கிடக்கும்.

"நம்ம இன்ஸ்பெக்டர் மாதிரி அடிக்கும்னு சொல்லுங்க" என்றேன்.

"இல்ல சார். இதுங்க ஆளைப் பாத்துத்தான் அடிக்கும்" என்றார் மாட்டு டாக்டர்.

ரத்தம் எடுத்துப் பரிசோதித்தால் போதாதா என்றும் கேட்டேன். போதும்தான், ஆனால் அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். மற்றவர் சின்ன டாக்டர். சரி, எலியையே நம்பலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நிலையத்தின் இயக்குநரிடம் அண்ணி அனுமதி வாங்கினார். மூன்று நாள் முன்பு நண்பகலில் மாட்டு டாக்டர் தாமே வளர்த்த கிருமியை, தம் கையாலேயே, அந்த இருபது எலிகளுக்கும் நூறு மடங்கு ஏற்றினார். சின்ன டாக்டரை அந்த அறைக்குள் விடவில்லை. எலிகள் பிழைத்தால் சின்ன டாக்டர் சொன்னது நிஜம். செத்தால் பொய். இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைக்காது என்று அண்ணி திருப்திப்பட்டார். எனக்கு அன்றைய ஞாபகம் வேறு. ஏசிக் குளிரில் கை விறைத்துப் போயிருந்தது. பக்கத்து அறையில் சோதனைக் குழாய்களை வைக்கிற சின்ன வெந்நீர்த் தொட்டியைக் காட்டி, வெதுவெதுவென்று இருக்கும், கையை விடுங்கள் என்றார் மாட்டு டாக்டர். விட்டேன். மூன்று விரல் வெந்துபோனது. எவனோ சூட்டுத் திருகை எழுபது டிகிரியில் வைத்திருக்கிறான் என்று அவரே வைதுகொண்டு முப்பத்தேழுக்குத் திருப்பினார். எங்கள் வீட்டில் அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரிப்பு.

இன்று மூன்றாம் நாள்.

கூண்டறை வாசலில் கூண்டுக்காரரின் மனைவி நின்றிருந்தது. மேலங்கி கொடுத்திருந்தார்கள், கை நீளம் போதாமல் பாதியில் நின்றது. சின்ன டாக்டரும் வந்திருந்தார். மெலிந்த உடம்பு, பணிவான குரல், நல்ல தூக்கம் தூங்கிய முகம். என் தலையெழுத்தும் இதில்தான் இருக்கிறது, நானும் பார்க்கிறேனே என்று கேட்டுக்கொண்டார். மாட்டு டாக்டர் நாலு கூண்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்து மேஜைமேல் வைத்தார்.

எலிகள் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டு என்னையே முறைத்தது. மாட்டு டாக்டர் மூடிகளைத் திறந்து எண்ணினார். திரும்ப ஒரு முறை எண்ணினார்.

இருபது. இருபதும் உயிரோடு.

சின்ன டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூண்டுக்காரரின் மனைவிக்கு அர்த்தம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் என் பக்கம் திரும்பி, வைத்தது பாருங்கள் ஒரு அறை. காது அடைத்து, உதடு கிழிந்து, வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஏன் என்னை அடித்தது என்று கேட்டால், நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"எலியைக் கேட்டுச் சொல்றேன்னு கூட்டிட்டு வந்து எம் புருஷன் கழுத்துல கயித்த மாட்டிட்டீங்களே" என்றது. குரல் உயரவேயில்லை. அப்படியே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டது.

சின்ன டாக்டர் அதன் அருகே குனிந்து, உங்கள் பிள்ளைகளுக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று ஏதோ சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன செய்ய? இருபது சாட்சிகள் அவர் பக்கம் நின்று கொறித்துக்கொண்டிருந்தன. அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று ஐந்து. பத்து வருடத்தில் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

மாட்டு டாக்டருக்கு இந்த மாதிரி நேரங்களில் என்ன பேசுவது என்று தெரியாது. அதனால் வேலையைப் பற்றிப் பேசினார். உள்ளறைக்குப் போய் மொட்டைகளின் பிணத்தை வேறு எடுத்துக் கணக்கில் எழுத வேண்டும் என்று முனகியபடி கையுறையை மாற்றினார்.

எந்த மொட்டை என்றார் அண்ணி.

அவர் விளக்கினார். உள்ளறையில் ஐந்து எலிகள் தனியாக இருக்கின்றன. பிறக்கும்போதே உடம்பில் முடி கிடையாது. நெஞ்சுக்குள் டி செல்லை வளர்த்து ஆளாக்குகிற சுரப்பியும் கிடையாது. அதனால் அவற்றின் உடம்பில் டி செல் என்பதே இல்லை. மூன்று நாள் முன்பு குழாயில் கிருமி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அந்த ஐந்துக்கும் போட்டுவிட்டாராம்.

"நிச்சயம் சாகற கூண்டு ஒண்ணுக்கும் போட்டுப் பாக்காம நாங்க எதையும் முடிவுன்னு சொல்ல மாட்டோம் மேடம். கை அதுபாட்டுக்குப் போட்டுடும். அதுங்க இந்நேரம் செத்திருக்கும், எடுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

அண்ணி தலையாட்டினார். அப்புறம் ஆட்டின தலை நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தார்.

சின்ன டாக்டர் இருந்த இடம் காலியாக இருந்தது.

"தம்பி, உள்ளறை" என்றார் அண்ணி. அவர் அந்தக் குரலில் சொன்னால் ஓடிவிட்டுத்தான் காரணம் கேட்க வேண்டும். ஓடினேன்.

நடைபாதைக் கோடியில் இரும்புக் கதவு, நடுவே ஒரு கண்ணாடிச் சதுரம். உள்ளே தாழ் போட்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேஜைமேல் ரோஸ் நிறத்தில் மூன்று மொட்டை எலிகள் வரிசையாகக் கிடந்தன. சின்ன டாக்டர் நாலாவதை மேஜையில் அழுத்தி, பிடரியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நொடியில் கழுத்து முறிந்தது. அதையும் மற்றவற்றோடு வரிசையில் வைத்துவிட்டு ஐந்தாவதுக்காகக் கூண்டில் கைவிட்டார்.

தீயணைப்பு சிலிண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கண்ணாடியில் குத்தினேன். இரண்டாவது குத்தில் உடைந்தது. கையை உள்ளே விட்டுத் தாழை நீக்கும்போது கண்ணாடி விளிம்பு முன்கையை நீளமாகக் கிழித்தது. கதவு திறந்த கையோடு அவர் தரை கழுவுகிற மருந்தை வாளியோடு என் முகத்தில் வீசினார். கண் இரண்டும் நெருப்பாகிவிட்டது.

மெலிந்த உடம்பு என்று எண்ணியது என் தப்பு. அறுவைக் கத்தரியை என் தொடையில் இறக்கினான். ஆமாம், இனிமேல் அவனுக்கு மரியாதை கிடையாது. உருவி மறுபடி இறக்கினான். குத்து மதிப்பாக அவன் தலைமயிரைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினேன். பல்லோ எதுவோ நொறுங்கிய சத்தம் கேட்டது. அவன் என் காதைக் கடித்தான். அண்ணன் பெண்டாட்டிக்கு வேலை பார்க்கப் போய் ஒரு விஞ்ஞானியிடம் கடி வாங்குகிறேனே என்று நினைத்துக்கொண்டே கீழே விழுந்தேன். அவன் என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தான். கத்தரி என் கழுத்துக்கு நேராக வந்தது.

டங்கென்று ஒரு சத்தம். அவன் என்மேலிருந்து சரிந்தான்.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால் கூண்டுக்காரரின் மனைவி, கையில் கூண்டின் கம்பி மூடி. அவன் மூக்கு இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. இரண்டாவது முறை மூடியை ஓங்கி அவன் வாயில் அடித்தது. மூன்றாவது அடிக்கு மூடியைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தது. அந்த விளிம்பு மண்டையில் இறங்கியிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அப்போது அதைத் தடுக்கவேண்டும் என்றே தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

அண்ணி வந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இவன் வாய் வேணும்மா. நாலு மணிக்கு உன் புருஷன் பேசறதுக்குள்ள இவன் பேசணும். விடு."

பிறகு மூடி கீழே விழுந்தது.

அவனைக் கூண்டு அடுக்கின் கம்பியோடு என் பெல்ட்டால் கட்டினேன். மாட்டு டாக்டர் கதவருகே நின்றார். செத்தவற்றில் ஒன்றை அறுத்துக் காட்டச் சொன்னார் அண்ணி. நோயில் செத்திருந்தால் ஈரல் முழுக்க வெள்ளைப் புள்ளி இருக்கும் என்றபடியே அவர் வயிற்றைக் கீறினார். ஈரல் கருஞ்சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இரைப்பை நிறையத் தீனி. கூண்டில் பிழைத்திருந்த ஐந்தாவது மொட்டை அந்தக் களேபரத்திலும் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது.

"உடம்புல ஒரு டி செல்கூட இல்லாத பிராணி" என்றார் அண்ணி, அவனிடம். "நூறு மடங்கு ஏத்தி மூணு நாள் ஆச்சு, உக்காந்து தின்னுட்டு இருக்கு. அப்ப டாக்டர் ஏத்தினது செத்த கிருமி. ஏத்தறதுக்கு முன்னாடியே யாரோ கொன்னிருக்காங்க."

நான் என் வெந்த விரல்களைப் பார்த்தேன். மாட்டு டாக்டரும் அதையேதான் பார்த்தார். குழாயைப் பக்கத்து அறை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு மேலங்கி மாற்றப் போனதாகவும், என்னையும் அழைத்துக்கொண்டு திரும்பி வர அரை மணி ஆகியிருக்கும் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்த அரை மணியில் குழாய் எழுபது டிகிரி வெந்நீரில் குளித்துவிட்டு மறுபடி ஐஸுக்குத் திரும்பியிருக்கிறது. திருகைத் திருப்பி வைக்கத்தான் நேரம் இருக்கவில்லை.

வாய் கிழிந்திருந்தாலும் அவனுக்குப் புத்தி வேலை செய்தது. ஆமாம், சூடாக்கினேன் என்றான். ஊசி போட்ட எலிகளிலும் இரண்டு மூன்று சாவது உண்டு, அந்த இரண்டு மூன்றைக் காட்டி என்னை மாட்டிவிடுவீர்கள் என்று பயந்துதான் செய்தேன், அதற்காக நான் கொலைகாரன் ஆகிவிடுவேனா என்றான். அடப்பாவி, சரியாகத்தானே பேசுகிறான் என்று எனக்கே தோன்றியது.

"ரெண்டு மூணு செத்தா மீதி பதினேழு உனக்காகப் பேசியிருக்குமே" என்றார் அண்ணி. "இருபதையும் காப்பாத்த வேண்டிய அவசியம் யாருக்கு? ஒண்ணுக்குக்கூட ஊசி போடாதவனுக்கு."

அவன் ரத்தத்தைத் துப்பினான்.

அந்த இருபதும் அங்கேதான் இருக்கின்றன, மறுபடி போட்டுப் பார்ப்போமா என்று அண்ணி கேட்டார். இந்த முறை குழாய்க்குப் பக்கத்தில் தம் கொழுந்தனை உட்கார வைப்பதாகவும் சொன்னார். அவன் அவசரமாக மாட்டு டாக்டரைப் பார்த்தான். மூன்று நாள் முன்பு போட்ட ஊசியாலேயே அவை பழகியிருக்கலாமே என்று ஒரு கடைசி முயற்சி. மாட்டு டாக்டர் தலையசைத்தார்.

"செத்த கிருமிக்கு இதுங்களோட டி செல் பழகாதுப்பா. உயிரோட செல்லுக்குள்ள புகுந்தாத்தான் பழகும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே டாக்டரம்மாதான். உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாங்களே."

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் மழுப்பினான், கடைசியில் அவன் ஒத்துக்கொண்டு பேசியதையெல்லாம் என் செல்போனில் பதிவு செய்துகொண்டேன். ஊசி போடுவது சள்ளை பிடித்த வேலை, போட்டதாக எழுதுவது சுலபம் என்று போன வருடமே கண்டுபிடித்திருக்கிறான். நூறு எலிகள், நூறு முடிவுகள், எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதியது. அன்று மதியம் டாக்டரம்மா அலமாரியைத் திறந்தபோது, போன வருடம் காலியாகியிருக்க வேண்டிய ஊசிப் பெட்டிகள் உறை பிரிக்காமல் இருந்திருக்கின்றன. கூண்டு கழுவும் அறையில் அவனை நிறுத்திக் கேட்டிருக்கிறார். நாளைக்கே உன்னை வெளியே அனுப்புகிறேன் என்றிருக்கிறார். அவர் திரும்பியதும் அடித்திருக்கிறான். பிறகு ஊசி போடும் அறைக்குப் போய் இருபது ஊசிகளை உறை பிரித்துத் தொட்டியில் போட்டு, இருபது டிக் அடித்து, இருபது எடைகளையும் மனசிலிருந்தே எழுதியிருக்கிறான். பக்கத்து அறையில் கூண்டுக்காரர் உதவிக்கு ஆள் கேட்டு அலறிக்கொண்டிருந்தபோது அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

மணி மூன்று பத்து. அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை. நாலு முறை செய்தும் எடுக்கவில்லை. அவனை மாட்டு டாக்டர், நிலையத்துக் காவலாளிகள் பொறுப்பில் விட்டுவிட்டு, தொடையில் துணியைக் கட்டிக்கொண்டு காரை எடுத்தேன். வழியில் இரண்டு சிக்னலை மதிக்கவில்லை. கூண்டுக்காரரின் மனைவி பின் சீட்டில் கடிகாரத்தைப் பார்க்காமல் என் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தது.

நீதிமன்ற மாடியில் நீதிபதியின் அறைக்கதவை நான் தோளால் தள்ளியபோது நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள். கூண்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்டதற்கு இல்லை என்று சொல்லி முடித்திருந்தார். இன்ஸ்பெக்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சட்டைப்பையில் போன் மினுங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் செஞ்சேன்" என்றார் கூண்டுக்காரர்.

அண்ணி நேரே போய் என் செல்போனை நீதிபதியின் மேஜைமேல் வைத்தார். கோர்ட் அவமதிப்பு என்று யாரோ கத்தினார்கள். போனிலிருந்து அவன் குரல் வரத் தொடங்கியதும் கத்தியவரும் நிறுத்திக்கொண்டார். பதினொரு நிமிடப் பதிவு. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு கூண்டுக்காரரின் கையைக் காட்டச் சொல்லி அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரை வெளியே போகவேண்டாம், உட்காருங்கள் என்றார். அந்த மனிதர் உட்கார்ந்த விதத்தைப் பார்க்க எனக்கு இன்னொரு கத்தரிக்குத்து வாங்கலாம் போல இருந்தது.

மாட்டு டாக்டரை வரவழைத்து வாக்குமூலம் வாங்கி, காகிதங்கள் எழுதி, ஆறு மணிக்குக் கூண்டுக்காரரை எங்களோடு அனுப்பினார்கள்.

அவரோடு படி இறங்கினோம். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் முடிஞ்சிடுச்சு, வீட்டுக்குத்தான் போறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார். அண்ணி முன் சீட்டில் ஏறினார். அவர்கள் இருவரும் பின்னால். எனக்கு மனசு லேசாகிவிட்டிருந்தது. உங்கள் எலிகளைப் பத்து நாள் பார்த்துக்கொண்டவன் நான், எனக்கு ஒரு விருந்து கடன் என்று அவரிடம் வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன். சொல்வதற்காகத் திரும்பி, பின் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு முழங்காலுக்கு நடுவே குனிந்துவிட்டார்.

"நான்தான் செஞ்சேன் சார். நான்தான் செஞ்சேன்."

மனைவி அவர் முதுகின்மேல் கவிழ்ந்து அப்படியே அணைத்துக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. அதே வார்த்தை, அதே குரல், நீதிபதி அறையில் சொன்ன மாதிரியே. அண்ணி என் நீட்டின கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். எனக்கு எப்போதும் எதற்கும் ஒரு கிண்டல் வரும். அப்போது ஒன்றும் வரவில்லை.

வண்டியை எடுத்தேன். அவர்கள் வீடு சேரும்வரை இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவேயில்லை.